சக்கரத்தில் அண்ணியின் கை

"அண்ணி, மொதல்ல கையை எடுங்க."

செருப்பைக் கழற்றும்போதே வாசலில் இருந்து சொன்னான் சண்முகவேல். அமுதவல்லி கையை எடுக்கவில்லை.

திருச்செங்கோட்டில் அந்த பிசியோதெரபி கூடத்துச் சுவரில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் மாட்டியிருந்தது. அதன் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார் அவனுடைய அண்ணன் செங்கோட்டையன். பக்கத்தில் நின்று, சக்கரத்தின் விளிம்பில் உள்ளங்கையை ஊன்றி, நரம்பு புடைக்க அண்ணியும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது தவறி விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டவர் செங்கோட்டையன். தகடு வைத்தாயிற்று, கைதான் மேலே எழவில்லை. கை முழு வட்டம் சுற்றினால்தான் இனி ஸ்டியரிங் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்த லாரி வீட்டு முன்னால் தூசி படிந்து நிற்கிறது. விலைக்குக் கேட்டு ஆளும் வந்துவிட்டது. தருவதா வேண்டாமா என்று இன்றைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் நாமக்கல்லில் டயர் கடையை ஆள் வசம் விட்டுவிட்டு, அண்ணன் கையைப் பார்க்க வந்திருந்தான் சண்முகவேல். வந்து பார்த்தால் இந்தக் கூத்து.

"நீங்களே சுத்தி உட்டா அண்ணனுக்குக் கை எப்புடிங்க வரும்?"

"ஒரு கை குடுக்கறனுங்க தம்பி. தனியாச் சுத்தச் சொன்னா வேண்டாங்கறாரு."

"செல்லங் குடுக்கறதுக்கு இதுங்களா எடம்?"

செங்கோட்டையன் திரும்பாமலே, "அவ கை வெச்சாத்தான்டா சுத்துது. நீ போய் உக்காரு" என்றார்.

சண்முகவேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லோடு ஏற்றிக்கொண்டு மலை மலையாக ஏறி இறங்கிய மனிதர், பெண்டாட்டி கை கொடுத்தால்தான் ஆச்சு என்று நிற்கிறார். அண்ணிக்காவது புத்தி வேண்டாமா? நோகக் கூடாது, நோகக் கூடாது என்றே ஆளை முடக்கிப் போட்டுவிடுவாள் போலிருக்கிறது.

அந்தப் பக்கம் இன்னொருவருக்கு முழங்கால் பார்த்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் கிருத்திகாவிடம் போனான்.

"ஏனுங்க மேடம், இதைப் பாத்துட்டுச் சும்மா இருக்கறீங்க. இவரு இனி லாரி ஓட்டறதாவது. லாரி வாங்கற ஆளை வரச் சொல்லிப்போடறேன்."

சொல்லிக்கொண்டே போனை எடுத்தான். கிருத்திகா அவனைச் சற்று ஓரமாக அழைத்துப் போனாள்.

"மொத வாரம் தனியாத்தாங்க சுத்த வெச்சோம். வலி தாங்காம நாலு பேரு முன்னால அழுதுட்டாரு. அந்த வெக்கத்துல இந்தப் பக்கமே வரமாட்டேன்னு ஊட்டுல படுத்துக்கிட்டாரு. அப்பறம் இவங்கதான், 'நான் தள்றேன், நீங்க சும்மா புடிச்சுக்குங்க'ன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்."

"அவங்க கை எந்தப் பக்கமா அழுத்துதுன்னு பாருங்க."

பார்த்தான். அண்ணியின் உள்ளங்கை விளிம்பிலிருந்து நேராக நடு அச்சைப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தது. சக்கரம் சுற்றச் சுற்றக் கையும் கூடவே போயிற்று. மேலே போனாலும் கீழே வந்தாலும் அழுத்தம் என்னவோ அச்சை நோக்கித்தான். சுற்றுகிற பக்கமாக அவள் துளிகூடத் தள்ளவில்லை.

அதற்கு மேல் அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்பேனரைக் குறுக்கே மிதித்தால்தான் நட்டு திரும்பும். அதே ஸ்பேனரை நீளவாக்கில் நட்டைப் பார்த்து எத்தனை முக்கித் தள்ளினாலும் நட்டு அசையாது. கடையில் தினமும் பார்க்கிற சங்கதி. அண்ணி வியர்த்து வழியத் தள்ளியதில் ஒரு பொட்டுகூடச் சக்கரத்தைச் சுற்றவில்லை. சுற்றியது முழுக்க அண்ணன் கை.

"நாந்தாங்க அப்படி அழுத்தச் சொன்னேன்" என்றாள் கிருத்திகா. "அவருக்குத் தெரியாது. சொல்லிப்போடாதீங்க."

சண்முகவேல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அண்ணியைப் பேசிய பேச்சு அவனுக்கே கசந்தது.

பயிற்சி முடிந்ததும் அமுதவல்லி எதிர்க் கடைக்கு இளநீர் வாங்கப் போனாள். அண்ணனும் தம்பியும் வாசலில் தனியாக நின்றார்கள். சண்முகவேலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"லாரியைக் குடுக்க வேண்டாங்ண்ணா. உங்களுக்குக் கை வந்துருச்சு. அண்ணி பாட்டுக்குச் சும்மா…"

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

செங்கோட்டையன் கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அவ தள்றதில்லைன்னு மொத நாளே தெரியும்டா. அவகிட்டச் சொல்லிப்போடாத. கையை எடுத்துக்குவா."