முந்தானையில் முடிந்த பியூஸ்

தெருவே மரவள்ளிக்கிழங்கு தின்று மரவள்ளி நிறமாகிவிட்ட ஜப்பான்காரன் காலம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீட்டில் விறகடுப்பை இடித்துப் புதிதாய்ப் பூசிய மேடையில், வெள்ளைக்காரத் துரை ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடும்போது விட்டுப்போன மின்சார அடுப்பு உட்கார்ந்திருக்கிறது. பக்கிரிசாமி குந்தியபடி வயர் முறுக்குகிறார். ஓட்டிடுக்கு வெளிச்சத்தில் சுருள்கம்பி மினுங்குகிறது. கூரை ஒழுகித் தகரவாளியில் சொட்டுகிறது. மெயினிலிருந்து கழற்றிய பியூஸ் கட்டை வள்ளியம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கிறது. புருஷன் கை கம்பியில் இருக்கும்போது எவரும் கரண்டைப் போட்டுவிடக்கூடாதென்று அவளே முடிந்துகொண்டது.

"வேலை முடிஞ்சிருச்சு. பியூச கொடு புள்ள."

"எர்த் வயர் தொங்குதே?"

"எனக்கெதுக்கு எர்த்து? செந்தூல் ரயில் பட்டறையில ஒரு தடவ கரண்டு என்னைப் பிடிச்சிச்சு. முறைச்சேன் பாரு, மூணு தெரு விளக்கு பயந்து அணைஞ்சு போச்சு."

"சமைக்கப் போறது நான்லா. எனக்கு முறைக்க வராதே?"

பக்கிரிசாமி கத்தியை எடுக்கிறார். அடுப்பின் தகர உடம்பில் பெயிண்டைச் சுரண்டுகிறார். எர்த் வயரை அங்கே இறுக்கி, மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். முடிச்சு அவிழ்கிறது. அவள் உடம்புச் சூட்டோடு வந்த பியூஸை மாட்டுகிறார். சுருள் மெல்லச் சிவக்கிறது. அவள் தொடுமுன் அடுப்பின் தகரத்தைத் தாமே தொட்டுப் பார்த்துவிடப் புறங்கையை நீட்டியவர், எதற்கோ திரும்புகிறார். மரப்பலகைமேல் ஏறி நின்று, காய்ந்த உலக்கையை ஓங்கியிருக்கிறாள் வள்ளியம்மா.

"நீங்க முறைங்க," என்கிறாள். "கரண்டு கேக்கலன்னா உங்க கைய அடிச்சுப் பிரிச்சிடறேன்."