யாரும் தொடாத பை

காலையிலிருந்து அந்தப் பையை ஒருவர்கூடத் தொடவில்லை. ஃபோர்ட் கொச்சி கடற்கரையில், சீன வலைகளுக்குச் சற்றுத் தள்ளி, சிமென்ட் பெஞ்சின் மேல் அது வைத்தது வைத்தபடி இருந்தது. எதிரே சாயாக்கடை மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வெங்கிடராமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மட்டாஞ்சேரியில் யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அவர்தான் வியாபாரிகள் சங்கத்துக்கும் செயலாளர். கடற்கரையில் அடுத்தடுத்துப் பை பறிப்பு நடந்து, சேனல்கள் அதையே திருப்பித் திருப்பிக் காட்டியதில், வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றுபோயிருந்தது. கடையில் ஈ ஓட்டலாம் என்றால் ஈயும் வரவில்லை.

சங்கம் சும்மா இருக்கவில்லை. 'இங்கே யாரும் பயப்பட வேண்டாம்' என்று நாலு மொழியில் பேனர் கட்டினார்கள். அதுவரை பயப்படாதவர்களும் அதைப் படித்துவிட்டுப் பயப்பட ஆரம்பித்தார்கள். திருடனைக் கண்டால் ஊதுவதற்கு ஒரு பெட்டி விசில் வாங்கி வைத்தார்கள். பெட்டியோடு விசில் திருட்டுப்போனது. இரண்டும் வெங்கிடராமனின் யோசனை.

இந்தப் பை மூன்றாவது யோசனை.

எர்ணாகுளத்து டூர் கம்பெனி மேனேஜர் மாதுரி, மட்டாஞ்சேரியையும் கடற்கரையையும் தன் பயணத் திட்டத்திலிருந்து எடுத்திருந்தாள். மறுபடி சேர்ப்பதா வேண்டாமா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவாள். வேண்டாம் என்றால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான். கேட்பாரற்ற பை ஒன்று நாள் முழுக்கக் கிடந்தும் யாரும் எடுக்கவில்லை என்பதை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டால், பிறகு பேச என்ன இருக்கிறது?

விஷயம் பரம ரகசியம். முன்கூட்டியே சொன்னால் போலீஸ்காரர்கள் பைக்குப் பக்கத்திலேயே நின்று காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று அவர்களுக்கும் சொல்லவில்லை. சங்கப் பொருளாளர் பிச்சுமணிக்கு மட்டும் தெரியும். அவரும் ஆலுவாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

மனைவி சீதாலக்ஷ்மி குருவாயூருக்கு எடுத்துப் போகும் நீலப் பையைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவந்திருந்தார். பை கனமாகத் தெரிய வேண்டுமே என்று கடையிலிருந்து ஒரு பித்தளை மேஜைக் கடிகாரத்தை உள்ளே வைத்தார். வைக்குமுன் அதற்குச் சாவியும் கொடுத்தார். தினமும் காலையில் கடையிலுள்ள எல்லாக் கடிகாரங்களுக்கும் சாவி கொடுக்கிற கை. அதுவும் தவிர, எடுப்பவன் திருடனே ஆனாலும் ஓடாத கடிகாரத்தை அவன் தலையில் கட்டுவது வியாபார தர்மம் இல்லை.

ஊர் ஜனங்களின் யோக்கியதையைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் நிறைந்தது. கடலை விற்பவன் பெஞ்சில் உட்கார வந்தான், பையைப் பார்த்தான், கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான். ஒரு அம்மாள் பைப்பக்கம் ஓடிய குழந்தையைத் தரதரவென்று இழுத்துப் போனாள். பிறத்தியார் சொத்தைத் தொடக்கூடாது என்று இந்த வயதிலேயே சொல்லி வளர்க்கிறார்கள்.

மத்தியானம் மாதுரி வந்தபோது பெஞ்சைச் சுற்றி ஈ காக்கை இல்லை. அவரைப்போல அவளும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். வெங்கிடராமன் விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொல்லி, ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"நெஜமாவே யாரும் எடுக்கலையா மாமா?"

"எடுக்கறதாவது. கிட்டக்கூட வரலை, கேட்டியா. தூர நின்னு பாத்துட்டு மரியாதையா ஒதுங்கிப் போறா."

கீழே சாயாக்கடைக்காரர் ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது என்று வெங்கிடராமன் நினைத்துக்கொண்டார். அப்போது ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. கான்ஸ்டபிள்கள் இறங்கி, பெஞ்சிலிருந்து எட்டத்தில் கயிறு கட்டி, ஜனங்கள் உள்ளே வராமல் வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள்.

அவர் மரியாதையாக எழுந்து நின்றார். கேட்காமலே வந்து காவல் நிற்கிறார்கள். இந்த ஊரையா பேப்பரிலும் டிவியிலும் திருட்டு ஊர் என்றார்கள்?

"பாத்துக்கோ. ஒரு அனாதைப் பைக்கு எங்க ஊர்ல என்ன பந்தோபஸ்துன்னு."

மாதுரி பார்த்தாள். வெறிச்சென்று கிடந்த மணலையும் கயிற்றையும் போலீஸையும் நடுவே தனியாக வீற்றிருந்த நீலப் பையையும் போனில் படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். அடுத்த மாதத்திலிருந்து எல்லாக் குரூப்பும் கடற்கரைக்கும் ஜூ டவுனுக்கும் வரும், முதல் பஸ்ஸை அவர் கடை வாசலிலேயே நிறுத்தச் சொல்கிறேன் என்றாள். வெங்கிடராமன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைபோலச் சிரித்தார். பேனரையும் விசிலையும் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தவர்கள் இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பார்கள்?

வீட்டிலிருந்து சீதாலக்ஷ்மி கூப்பிட்டாள். நல்ல செய்தியை மாதுரியும் கூடவே கேட்கட்டும் என்று அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஏன்னா, எங்க இருக்கேள்? பீச்சுப் பக்கம் போயிடாதீங்கோ. யாரோ பாம் வெச்சிருக்கானாம், உள்ளேர்ந்து டிக் டிக்குனு சத்தம் வரதாம், எல்லாச் சேனல்லயும் அதான் ஓடறது."

மாதுரி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். மறுமுனையில் சீதாலக்ஷ்மி டிவிக்கு இன்னும் கிட்டே போயிருக்கவேண்டும், குரல் மாறியது.

"ஏன்னா... அது என்னோட குருவாயூர்ப் பையோன்னோ?"