கண்ணாடி ஏற்றிய கார்

கார் கண்ணாடிகள் நான்கும் ஏறியிருந்தால், உள்ளே வெஸ்னா கத்தப்போகிறாள் என்று அர்த்தம்.

போர்ட் கெம்ப்லா கடற்கரையில் இது நாய்களுக்குக்கூடத் தெரியும்.

சூடான சிப்ஸ் பொட்டலத்தோடு வந்த டூகல், ஏறியிருந்த கண்ணாடிகளைப் பார்த்ததும் தள்ளியே நின்றுகொண்டான்.

வெஸ்னா அவர்களுடைய மெட்டல் இசைக்குழுவின் பாடகி. டூகல் டிரம்ஸ். வீட்டில் கத்திப் பழகினால் பக்கத்து ஃபிளாட்காரர் சுவரைத் தட்டுகிறார் என்று அவள் இங்கே காரைக் கொண்டுவந்து நிறுத்துவாள். கண்ணை மூடி, மூச்சைக் கவனித்துக் கொஞ்ச நேரம் உட்காருவாள். பிறகு கத்துவாள். பிறகு மறுபடி மூச்சு. எல்லாம் முடிகிறவரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது. குழுவுக்குள் அது சட்டம்.

முதல் தடவை, நாயோடு நடக்க வந்த ஓர் அம்மாள் பயந்துபோய் போலீஸையே கூப்பிட்டுவிட்டாள். இப்போதெல்லாம் கையசைத்துவிட்டுப் போகிறாள். நாய் குரைப்பதையும் விட்டுவிட்டது.

ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டு பாக்கி. அந்தப் பாட்டில் ஒரே ஓர் அலறல் பாக்கி.

தம்பி டிம்கோவுக்காக வெஸ்னா எழுதிய பாட்டு அது. போதையிலிருந்து மீள்வதற்காக டிம்கோ ஒரு மறுவாழ்வுப் பண்ணையில் இருக்கிறான். பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தம்பியும் தரையில் உட்கார்ந்து ஒன்றாகத் தியானம் செய்வார்கள். உள்ளே இழு, நிறுத்து, விடு. அந்த மூச்சின் வேகம்தான் பாட்டின் தாளம். "இது டிரம்ஸா, தாலாட்டா?" என்று டூகல் ஆரம்பத்தில் சண்டைகூடப் போட்டான். பாட்டின் முடிவில் எல்லா வாத்தியங்களும் நின்றுவிடும். அடக்கிய மூச்சு உடைந்து, வார்த்தையே இல்லாத ஓர் அலறல்.

அதுதான் ஒரு மாதமாக வரவில்லை.

நேற்று கிட்டார் வாசிக்கும் ரீஸ் பொறுமை இழந்தான். "தியானம் பண்ணிப் பண்ணி நீ சாமியாராயிட்ட. நீ கத்துறது, காபி கடையில 'சர்க்கரை வேணாம்'னு சொல்ற மாதிரி இருக்கு."

"என் தம்பி தேறிட்டு வர்றான்டா. வலி இல்லாம எப்படிக் கத்துறது?" என்றாள் வெஸ்னா. "ஒண்ணு பண்ணு, பக்கத்துல உக்காந்து உன் கிட்டாரை வாசி. தன்னால வரும்."

சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். ஆனால் இன்று மாலைக்குள் பாட்டை அனுப்பியாக வேண்டும். தவறினால் ஆல்பம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

இப்போது காருக்குள் வெஸ்னா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இன்று ஏனோ கண்களை மூடவில்லை.

பிறகு அது வந்தது.

டூகலுக்கு டிரம்ஸ் அடித்தே பாதிக் காது போயிருந்தது. அந்தக் காதிலும் அது இறங்கியது. தொண்டையிலிருந்து வந்ததாகவே தெரியவில்லை. ஏறி, இன்னும் ஏறி, உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது.

கையிலிருந்த சிப்ஸ் தரையில் கொட்டியது. கடற்புறாக்கள் பாய்ந்தன.

எங்கோ அந்த நாய் குரைத்தது.

டூகல் ஓடினான். போனில் பதிவை அழுத்தி, கார் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தான். இரண்டாவது அலறல் முழுசாகச் சிக்கியது.

வெஸ்னா திரும்பி அவனைப் பார்த்தாள். உள்ளங்கையால் கண்ணாடியில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள்.

டூகல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அவள் தலை ஸ்டீயரிங்கில் சாய்ந்தது. ஹாரன் ஒரு தடவை அலறி நின்றது.

இனி மூச்சு நேரம். தொந்தரவு செய்யக் கூடாது. ஓசை முழுவதும் அடங்கட்டும் என்று போனை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே பிடித்திருந்தான். பிறகு சிப்ஸையும் மறந்து, ரீஸின் வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தான்.

ரீஸின் கராஜ்தான் அவர்களுடைய ஒலிப்பதிவுக் கூடம். பெரிய ஸ்பீக்கரில் அலறல் வெடித்ததும் ரீஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"டேய்... இத்தனை நாளா இதை எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தா?"

"நான் இல்லேன்னா காத்தோட போயிருக்கும் மச்சான்!" டூகல் கராஜுக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினான்.

"இரு, ஆடாத. கடைசியில ஏதோ கசகசன்னு கேக்குது. அதை நறுக்கிடலாம்."

எங்கே நறுக்குவது என்று பார்க்க, ரீஸ் சத்தத்தை முழுவதும் கூட்டினான்.

ஹாரன். நாய். அலை.

அதற்கடுத்து, காரின் ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண்ணின் குரல். நிதானமான குரல்.

"வெஸ்னா, லைன்ல இருக்கியாம்மா? முடிஞ்சதெல்லாம் பண்ணிப் பார்த்தோம்மா. நீ வந்து சேர்ற வரைக்கும் டிம்கோவைத் தனியா விட மாட்டோம். நான்தான் அவன் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

சிறிய இடைவெளி.

"உன் பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

ரீஸின் விரல்கள் குமிழிலேயே நின்றன.

அந்தக் குரல் மறுபடியும் அதையே கேட்டது. இப்போது கொஞ்சம் தூரத்திலிருந்து. பிறகு இன்னும் தூரத்திலிருந்து.

அதற்கு மேலாக, டூகலின் ரப்பர் செருப்பு. டப் டப் டப்பென்று, ஓட்டமும் துள்ளலுமாக.