எங்க இறங்குறீங்க?

டாக்ஸிக்காரன் சித்தி முறை சொல்லி அழைத்து, அவளுடைய துணி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். "மௌஷி, இந்த நேரத்துல ரயில் ஏறினா எலும்பு தேறாது. வாங்க, மீட்டருக்கு மேல ஒரு பைசா வேண்டாம்."

ஹௌசாபாய் முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மூட்டையைப் பிடுங்கி, தாதர் ஸ்டேஷன் படிகளில் ஓடினாள்.

"சரியான கஞ்சம்டா," என்று பின்னால் இன்னொரு டாக்ஸிக்காரன் சிரித்தான்.

பத்லாபூர் வண்டி வந்து நின்றது. பெண்கள் பெட்டியில் அவள் ஏறினாள் என்பதைவிட ஏற்றப்பட்டாள் என்பதுதான் சரி. மூச்சு திரும்புவதற்குள் யாரோ நகர்ந்து, மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒரு நுனியை விட்டுக்கொடுத்தார்கள்.

உடனே தலைக்கு மேலிருந்து ஒரு குரல். "மௌஷி, எங்க இறங்குறீங்க? நீங்க எழுந்தா அந்த இடம் எனக்கு."

"தெரியலை."

"இறங்குற இடம் தெரியாம ஏறின முதல் ஆள் நீங்கதான்." பக்கத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஹௌசாபாய் சிரிக்கவில்லை. எதிர் சீட்டுப் பெண்கள் மடியில் செய்தித்தாளை விரித்து, ராத்திரிச் சமையலுக்குப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் போனில் சொன்ன அதே கும்பல்.

இடுப்பிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டினாள். "என் மக சாரிகா. வேலை விட்டு தினம் இந்த வண்டியிலதான் வருவா. வண்டியில இருந்தாதான் என்கிட்ட பேசுவா. ஒரு மாசமா பேச்சே இல்லை. ஓடிப்போயிட்டாங்கறான் மருமகன். வீட்டுல இருக்கிற ஒரு போனும் என் பையன் கையில. அவன் மச்சான் கட்சி. அவ கூப்பிட்டாலும் எனக்குத் தர மாட்டான். நீங்க அவளைப் பாத்தீங்களா?"

ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்பதுபோல இருந்தது குரல். அழுகை ஊரிலேயே தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

போட்டோ கை மாறியது. ரேஷ்மா என்ற சின்னப் பெண்ணின் கையில் பட்டாணி அப்படியே நின்றது. கண்ணாடி போட்ட மந்தாகினி, அந்தக் கும்பலுக்கே பெரியவள், போட்டோவை அவளிடமிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"இல்லை மௌஷி. தினம் ஆயிரம் முகம். யாரை ஞாபகம் வச்சுக்கறது?"

அதற்குப் பிறகு அவர்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். எந்த ஊர், சேலை எங்கே எடுத்தது, முட்டி வலி உண்டா, மூட்டையில் என்ன.

"சோள பாக்ரி," என்றாள் ஹௌசாபாய்.

"ஊரு ரொட்டியா? நாங்க இத்தனை பேர் இருக்கோம், ஒரு வார்த்தை வேணுமான்னு கேக்கலையே," என்றாள் ரேஷ்மா.

சாரிகாவைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இந்த வயசுல இந்த நெரிசல் உங்களுக்கு எதுக்கு? டாக்ஸியில தேடலாமே," என்றாள் மந்தாகினி.

"காசு இல்லை."

"நான் தர்றேன். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி ஒரு டாக்ஸி பிடிங்க. மருமகன் வீடு, போலீஸ் ஸ்டேஷன், எங்க சொன்னாலும் கொண்டுபோய் விடுவான்."

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்மா."

மந்தாகினி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். பிறகு ஒரு கை பட்டாணியை அள்ளி அவள் மடியில் போட்டாள். "சும்மா உக்காந்திருக்காதீங்க. உரிங்க."

ஹௌசாபாய் உரித்தாள். விரல்கள் மட்டும்தான் உரித்தன. குர்லா போனது. தாணே போனது. மகள் குடித்தனம் நடத்திய டோம்பிவிலி வந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. முந்தானையை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கல்யாண் தாண்டியதும் பெட்டி காலியாகிவிட்டது. ரேஷ்மா இறங்கும்போது ஹௌசாபாயின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். மந்தாகினி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காசு இல்லைங்கறது பொய். இடுப்புல முடிச்சு தெரியுது. டாக்ஸி ஏன் வேண்டாம்? நிஜத்தைச் சொல்லுங்க."

ஹௌசாபாய் கையிலிருந்த பட்டாணியை உரித்து முடித்தாள்.

"மருமகன் டாக்ஸி ஓட்டறான். ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு அவன் ஆளுங்க. அவளை அடிச்ச கை அது. நான் தேடி வந்திருக்கேன்னு தெரிஞ்சா, என் பின்னாடியே வந்து எனக்கு முன்னாடி அவளைப் பிடிச்சுடுவான்."

அம்பர்நாத் நெருங்கி வண்டி வேகம் குறைத்தது. மந்தாகினி செய்தித்தாளோடு பட்டாணியைச் சுருட்டிப் பையில் போட்டாள். ஹௌசாபாயின் மூட்டையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"போன வாரமும் ஒருத்தி இதே பெட்டிக்கு, இதே பொண்ணு போட்டோவோட வந்தா. நான்தான் அம்மான்னு அழுது தீத்தா. ஸ்டேஷன் வாசல்ல அவ டாக்ஸியில வந்து இறங்கினதை ரேஷ்மா பாத்திருக்கா. அதான் உங்ககிட்டயும் டாக்ஸி பேச்சை எடுத்துப் பாத்தேன்."

ஹௌசாபாய் முந்தானையை முகத்திலிருந்து விலக்கினாள்.

"இறங்குங்க மௌஷி. என் வீட்டுல சாரிகா இப்ப பாக்ரி தட்டிட்டு இருப்பா."