பிரித்த தையல்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தையல் மெஷின்மேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. தையல்காரி இன்று வாடிக்கைத் துணி எதையும் தொடவில்லை. தன்னுடைய நீலச் சட்டையை மடியில் விரித்து, பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். போன வருடம் துரும்பாய் இளைத்துக்கொண்டே போனபோது, ஒன்றுக்குள் ஒன்றாக அவளே பிடித்த மூன்று தையல்கள். வயிற்று வலியை வெறும் வாயு என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே காலம் போனது. கடைசியில் ஸ்கேன் பார்த்த டாக்டர்தான், கணையத்தில் நாள்பட்ட வீக்கம், முழுதாகப் போகாது, பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்கலாம் என்றார். அன்றைக்கே அவளுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. இனி யாரும் அதைப் பொய் வலி என்று சொல்ல முடியாதே. நூல் அறுபடும் சத்தம் மெல்லக் கேட்கிறது. நடுவில் வலி ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. மெஷின் பலகையில் நெற்றியைச் சாய்த்துக் காத்திருக்கிறாள். அது போனதும் மறுபடி ஊசியை எடுக்கிறாள்.

கணவன் தட்டோடு வருகிறான். எண்ணெய் இல்லாமல் வேகவைத்த காய், கொஞ்சம் சோறு, ஓரத்தில் அதைச் செரிக்க வைக்கும் மாத்திரை.

"முதல் வாயோட மாத்திரையைப் போட்டுக்கோ. ஊரே இளைக்கணும்னு ஓடுது, நீ குண்டாயிட்டேன்னு குதிக்கிற."

"கண்ணு வைக்காதீங்க."

சட்டையை உடைமேலேயே மாட்டிப் பார்க்கிறாள். பொத்தான் துளையை எட்ட மறுக்கிறது.

"ரெண்டு தையல் பிரிச்சும் பத்தலைங்க!" என்கிறாள், பரிசு வாங்கி வந்தவள் குரலில்.

அவன் உள்ளே போய், இன்னொரு கரண்டி சோறு கொண்டுவந்து தட்டில் வைக்கிறான்.