சாப்பாட்டு மேசையில் லத்தீன்

டெல்மர் முற்றத்தில் நாயைச் சுட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தான். கதவுக்கு மேல் மாட்டியிருந்த வேட்டைத் துப்பாக்கியைப் பிடுங்கினான். தடுக்க வந்த ரொவீனாவின் முகத்தில் அதன் கட்டையாலேயே ஒன்று போட்டான். அவள் வாயெல்லாம் ரத்தம்.

"உன் புருஷன் ஆர்லன் எப்ப வருவான்?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவாரு..."

"நல்லதாப் போச்சு. கோர்ட்ல ஏறி நின்னு எனக்கு எதிரா சாட்சி சொன்னான்ல? அந்த வாய்க்குள்ளயே சுடறேன்." அடுப்புப் பக்கம் மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தான். "மான்கறி சூப்பா? வாசனை தூக்குது. அவனை முடிச்சுட்டு ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டுத்தான் போவேன்."

சின்னவள் ஜூனியா வீறிட்டு அழுதாள். டெல்மர் துப்பாக்கியை அவள் பக்கம் திருப்பினான்.

"இதை நீ நிறுத்தறியா, நான் நிறுத்தட்டுமா?"

"பாடம் நடந்தா அழ மாட்டா," ரொவீனா பதறினாள். "இவங்க பள்ளிக்கூடம் போறதில்ல, நான்தான் வீட்ல சொல்லிக் குடுக்கறேன். இது லத்தீன் நேரம். உக்கார வெச்சுட்டா சத்தமே வராது."

அவன் மேசைமேல் கிடந்த புத்தகத்தைத் துப்பாக்கி முனையால் தள்ளினான். "இந்தக் கருமத்தை இன்னுமா படிக்கிறாங்க? நான் பள்ளிக்கூட வாசலையே மிதிச்சதில்ல. என்ன குறைஞ்சு போச்சு? நடத்து, நடத்து."

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன்! ரொவீனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருக்கும் இந்தத் தடியனுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தாலே அதிகம். சர்ச்சில் மற்ற அம்மாக்களே, "லத்தீன் பேசினா உன் மாடு கூடுதலாப் பால் கறக்குதா?" என்று அவளைக் கிண்டல் செய்வது வழக்கம். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் அந்த மூலையில் வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது.

அவள் பாடம் நடத்தும் முறையே தனி. மொழிபெயர்ப்பெல்லாம் கிடையாது. அம்மா ஒரு கதையை லத்தீனில் படிப்பாள். கேட்டதை ஒன்று விடாமல், லத்தீனிலேயே, சொந்த வாக்கியத்தில் பிள்ளைகள் எழுதிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்தால் எவ்வளவு புரிந்தது என்று தெரிந்துவிடும்.

ரொவீனா புத்தகத்தைத் திறந்தாள். அதில் இருந்தது ஒரு குடியானவன் காளை வாங்கிய கதை. அவள் வாய் லத்தீனில் சொன்னதோ வேறு.

"ஒரு வீட்டுக்குள் கொலைகாரன் புகுந்தான். அம்மா கொதிக்கிற சூப்பை எடுத்து அவன் முகத்தில் ஊற்றினாள். அதே நொடியில் மூத்த மகள் மாவு டின்னுக்குள் கைவிட்டு, அப்பாவின் ஆயுதத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அவனைக் கொன்றாள்."

லத்தீன் பேசிய ரோமாபுரியில் ஏது துப்பாக்கி? ஆயுதம் என்றுதான் சொல்ல முடிந்தது. அந்த ஊரில் ஒரே ஒரு துப்பாக்கியோடு குடும்பம் நடத்துகிறவர்களும் கிடையாது என்பது வேறு விஷயம்.

"புரியலம்மா, இன்னொரு தடவை படியேன்," என்றாள் ஜூனியா.

துப்பாக்கிக் கட்டை மேசைமேல் மடாரென்று இறங்கியது. பால் தம்ளர் உடைந்து சிதறி, ஒரு சில்லு ஜூனியாவின் கையைக் கிழித்தது.

"ஒரு தடவைதான்! காதுல விழுந்த வரைக்கும் எழுது!" என்று டெல்மர் கத்தினான்.

தினமும் பிள்ளைகளிடம் ரொவீனா சொல்வதும் அதேதான். இன்று அதை இந்த மிருகத்தின் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. சின்னவளின் கையைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

மூத்தவள், பன்னிரண்டு வயது தெர்சாவின் பென்சில் வேகமாக ஓடியது. முடித்ததும் காகிதத்தை அம்மாவிடம் நகர்த்தினாள். சூப்பு, மாவு டின், ஆயுதம், எதுவும் விட்டுப்போகவில்லை. கடைசியில் அம்மா சொல்லாத ஒரு வரியையும் சேர்த்திருந்தாள்: 'மகள் பயப்படவில்லை.'

ரொவீனா அவள் தலையைத் தடவினாள். "நல்லா எழுதியிருக்கடா கண்ணு."

"எங்க, குடு. நானும் பாக்கறேன்," டெல்மர் கை நீட்டினான்.

ரொவீனா தயங்கவே இல்லை. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். அவன் கண் காகிதத்தில் இருக்கிற நேரம்தான் அவளுக்கு வேண்டும்.

வெளியே ஆர்லனின் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. இனி ஒரு நிமிஷம் தாமதித்தாலும் அவன் பிணம்தான்.

"பிள்ளைங்களுக்குச் சூப்பு ஊத்தறேன்," என்று எழுந்து போய், துணியைச் சுற்றிப் பானையை இரண்டு கையாலும் தூக்கினாள். தெர்சா ஓசைப்படாமல் மாவு டின் பக்கம் நகர்ந்தாள். பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

டெல்மர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. துப்பாக்கி முனை மட்டும் மெல்லத் திரும்பி, தெர்சாவின் நெற்றிக்கு நேராக நின்றது.

"பானையைக் கீழ வை. பாப்பா, நீ மாவு டின்னை விட்டுத் தள்ளி நில்லு," என்றான். "பள்ளிக்கூடம் போனதில்லன்னுதானே சொன்னேன்? உன் பிள்ளைங்க மட்டும் போகுதா?"