இன்னொரு ஃபாரம்

“டோக்கன் முப்பத்தேழு! இளவரசன் யாருங்க?”

தாடியும் கசங்கிய சட்டையுமாக ஒருவன் எழுந்து வந்து நாற்காலியில் சரிந்தான். பக்கத்தில் அவன் அம்மா சந்திரம்மாள். தலை நிறையக் கனகாம்பரம், முகம் நிறையச் சிரிப்பு.

வேங்கிக்கால் முகாமில் காலையிலிருந்து எழுதி எழுதித் தேவிப்ரியாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. சமூகப் பணியாளரான அவள் எழுதித் தந்தால்தான் உள்ளே டாக்டர் பார்ப்பார், மனநலச் சான்றிதழ் கிடைக்கும். ஒரு மணிக்கு அவர் கிளம்பிவிடுவார். விட்டால் அடுத்த மாதம்தான்.

“தூக்கம் எப்படிங்க?” என்று அவனைக் கேட்டாள்.

“எங்க தூங்கறான்? ராவெல்லாம் தெருக்கதவாண்ட குந்திக்கினு இருக்கான்மா,” என்றாள் சந்திரம்மாள்.

‘இன்சோம்னியா’ என்று எழுதினாள்.

“வேலைக்குப் போறாரா?”

“செங்கம் ரோட்டு லாட்ஜில நல்ல வேலை. உட்டுட்டான். சிநேகிதங்க ஒருத்தனும் வர்றதில்ல. இவன் சிரிச்சு மூணு வருசமாச்சு.”

‘சோஷியல் வித்ட்ராயல்.’ நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. ‘ஃப்ளாட் அஃபெக்ட்.’ படித்த வார்த்தைகளெல்லாம் இன்று ஒரே ஆளிடம் வந்து சேர்ந்திருந்தன. பாவம், பெற்றவள் எத்தனை பொறுமையாகச் சொல்கிறாள்!

இரண்டு முறை அவன் வாயைத் திறந்தான். இரண்டு முறையும் அம்மா முந்திக்கொண்டாள். அலுத்துப்போய்ப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். பிரஷர் மாத்திரையாக இருக்கும் என்று தேவிப்ரியா அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

எல்லாம் எழுதி முடித்து ஃபாரத்தை அவன் பக்கம் திருப்பினாள். “பேஷண்ட் இங்க கையெழுத்துப் போடணும்.”

அவன் பேனாவை வாங்கி அம்மாவின் கையில் கொடுத்தான்.

தேவிப்ரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்போ டோக்கன்ல உங்க பேரு?”

“வரிசையில நின்னது நான்தானே மேடம். நின்னவன் பேரையே எழுதிட்டாங்க.”

“ஐயோ, சாரிங்க!” எழுதியதையெல்லாம் அடிக்கப் பேனாவைத் திரும்பப் பிடுங்கினாள்.

இளவரசன் ஃபாரத்தின் மேல் கையை வைத்து மறித்தான்.

“அடிக்காதீங்க மேடம். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. அம்மாவுக்கு வேற ஃபாரம் குடுங்க.”